தலையே மண்வெட்டி



மண்ணைத் தோண்டி வாழும் பிராணிகள் நம் நாட்டிற் பல உள. அகழான் தன் பற்களாலும் முன்னங்கால்களாலும் வயல்வரம்பைக் குடைகின்றது. அழுங்கு தன் வலிய நகங்களாற் கறையான் புற்றைப் பிளக்கின்றது. நண்டுக்கும் கால்கள் உண்டு. மனிதனுக்கோ கையும் உண்டு, கையிற் பிடிக்க மண்வெட்டியும் உண்டு. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஓர் உயிர், கையுமின்றிக் காலுமின்றி நகமுமின்றி, இறுகிய மண்ணுக்குள் எவ்வாறு வழி செய்துகொள்ளும்? இவ்வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

விடை ஒரு சொல்லில் அடங்கிவிடும்: தலையால். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னாற் பெருஞ் சிக்கல் ஒன்று உண்டு. மண்வெட்டிக்கு வெட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை. தலையோ அத்தகையதன்று. மூளை அதனுள்ளே இருக்கின்றது. கண், மூக்கு, வாய் யாவும் அதிலேயே அமைந்துள்ளன. மண்ணை முட்டுவதும் அதே தலை, இரையைப் பிடிப்பதும் அதே தலை. முட்டுவதற்கு ஏற்ற தலை சிறியதாய், கூரியதாய், அசையாத என்புகளால் இறுகப் பொருந்தியதாய் இருத்தல் வேண்டும். உண்பதற்கு ஏற்ற தலையோ அகன்றதாய், தசை நிறைந்ததாய், தாராளமாய் வாய் திறப்பதாய் இருத்தல் வேண்டும். காலில்லாத ஊர்வனவற்றின் உடலமைப்பை ஆராய்வோர் இவ்விரு தேவைகளுக்கும் இடையே நிகழும் இழுபறியையே எங்கும் காண்கின்றனர்.

தலையைப் பற்றிப் பேசுமுன் உடலின் பருமனைச் சிறிது கவனிப்போம். ஈரமான களிமண்ணில் ஒரு மெல்லிய கம்பியைக் குத்திப் பாருங்கள், எளிதில் இறங்கிவிடும். பெருவிரற் பருமனுள்ள தடியைக் குத்தினால் முழுப் பலத்தையும் கொடுக்க வேண்டியிருக்கும். இதன் காரணம் எளிய கணக்கே. விட்டம் இருமடங்கானால் எதிர்த்து நிற்கும் மண்முகப்பு நான்கு மடங்காகின்றது. விட்டம் மும்மடங்கானால் முகப்பு ஒன்பது மடங்காகின்றது. மண்ணிற் புகும் உயிருக்கு ஒல்லியாக இருப்பதே சிக்கனம். அவ்வாறாயின் குடலையும் ஈரலையும் முட்டைகளையும் எங்கே வைப்பது? நீளத்திலேதான் வைக்க வேண்டும். அகலத்திற் குறைத்ததை நீளத்திற் சேர்த்துக்கொண்ட உடலே பாம்பின் உடல். அக்குறுகிய குழாய்க்குள் இரண்டு சுவாசப்பைகளுக்கும் இடம் போதாமையாற் பாம்புகளில் இடப்பக்கச் சுவாசப்பை மிகச் சிறுத்தோ முற்றாக இல்லாமலோ போய்விட்டது.

காலை இழப்பது பாம்புகளுக்கு மட்டும் நேர்ந்ததென்று எண்ணிவிடக் கூடாது. பல்லி இனங்களின் வரலாற்றிற் காலிழப்பு இருபது தடவைக்கு மேல் தனித்தனியே நிகழ்ந்திருக்கின்றது. இலங்கைக்கே உரிய ‘நெஸ்ஸியா’ என்னும் அரணைகள் இதற்கு அருமையான சான்று. இலைச்சருகின் கீழும் இளகிய மண்ணிலும் வாழும் இச்சிற்றரணைகளுட் சிலவற்றுக்குச் சிறிய நான்கு கால்கள் இருக்கின்றன. சிலவற்றுக்கு அவை பயனற்ற காம்புபோற் குறுகிவிட்டன. வேறு சிலவற்றுக்குக் காலே இல்லை. கால் எவ்வாறு படிப்படியாக விடைபெறுகின்றது என்பதைக் காண நாம் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை.

ஒல்லியான உடலுக்கு நம் வீட்டு முற்றத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பூச்சாடியைப் புரட்டும்போது கரும்பழுப்பு நிறத்தில் மண்புழுவைப் போல் நெளிந்து ஓடும் குருட்டுப் பாம்பைக் காணாதவர் அரியர். அரையடி நீளத்துக்கு மேல் அது பெரும்பாலும் வளர்வதில்லை. அதன் கண்கள் செதிலின் கீழ் இரு கரும்புள்ளிகளாகத் தெரியும். ஒளியையும் இருளையும் பிரித்தறிவதற்கு அவை போதும். இவ்வினத்தில் ஆண்பாம்பு காணப்படவில்லை. பெண்கள் தாமே கருவுற்று முட்டையிடுகின்றன. ஒரே ஒரு பாம்பு ஒரு செடியின் வேர்மண்ணோடு கப்பலேறினாலும் புதிய நாட்டிற் குடியேறிவிடலாம். அங்ஙனமே அது உலகின் வெப்பநாடுகள் பலவற்றிற் பரவியிருக்கின்றது.

இனி, இவ்வுரையின் நாயகர்களிடம் வருவோம். தென்னிந்தியாவின் மலைப்பகுதிகளிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பாம்புக் குடும்பம் உண்டு. அறிவியலார் அதை ‘யூரோபெல்டிடே’ என்பர்; நாம் கேடயவாற் பாம்புகள் எனலாம். ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் அறியப்பட்டுள்ளன. இலங்கையில் வாழ்பவை யாவும் இலங்கைக்கே உரியவை. அவை அடங்கும் பேரினத்தின் பெயர் ‘ரைனோபிஸ்’. கிரேக்க மொழியில் மூக்குப் பாம்பு என்பது அதன் பொருள். சிங்கள மக்கள் இவற்றைத் ‘துடுல்லா’ என அழைப்பதும் கூரிய மூக்கைக் கருதியே. குடும்பப் பெயரோ வாற்கேடயத்தைக் குறிப்பது. முன்முனைக்கு ஒரு பெயர், பின்முனைக்கு ஒரு பெயர் என்றவாறு இப்பாம்பின் இரு நுனிகளையும் பார்த்தே பெயரிட்டார்கள். இடையிலுள்ள உடலை எவரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் புதுமையின் பெரும்பகுதி அந்த உடலிலேதான் மறைந்திருந்தது.

அதை வெளிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் கார்ல் கான்ஸ் என்னும் விலங்கியல் அறிஞர். ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய இவர், காலில்லா ஊர்வனவற்றின் அசைவை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். இவரும் இவருடன் உழைத்த இருவரும் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் கேடயவாற் பாம்பைச் சரக்கு ரயிலுக்கு ஒப்பிட்டார்கள். ஒப்புமை வெறும் அலங்காரமன்று. பாம்பின் உடலைத் திறந்து பார்த்தபோது முன்பக்கத்து மூன்றிலொரு பங்கின் தசைகள் கருஞ்சிவப்பாகவும், பின்பக்கத்துத் தசைகள் வெளிறியும் காணப்பட்டன. ஒட்சிசனைச் சேமிக்கும் செந்நிறப் பொருள் முன்தசைகளில் நிறைந்திருக்கின்றது; களைக்காமல் நெடுநேரம் உழைக்கக்கூடிய தசை அது. பின்தசைகளுக்கு அத்தகைய வளம் இல்லை. முன்பகுதி எஞ்சின், பின்பகுதி இழுக்கப்படும் பெட்டிகள். உணவுக்குழல், ஈரல், கருப்பை முதலியவற்றுள் பெரும்பாலானவை பின்பெட்டிகளிற் பயணம் செய்கின்றன.

இந்த எஞ்சின் இயங்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பாம்பின் தோலுக்குள்ளே முள்ளந்தண்டு ஓரளவு தன்னிச்சையாக வளையக்கூடியது. முன்பகுதி முள்ளந்தண்டு தோற்குழாயின் உள்ளேயே பாம்புபோல நெளிந்து வளையும்போது அவ்விடத்து உடல் தடிக்கின்றது. தடித்த உடல் சுரங்கத்தின் பக்கச் சுவர்களை அழுத்திப் பிடித்துக்கொள்கின்றது. இவ்வாறு ஊன்றுகோல் கிடைத்தவுடன், வளைவுகளை நிமிர்த்தித் தலையை முன்னே செலுத்துகின்றது. தலை ஆப்பைப் போல மண்ணிற் புகுகின்றது. பின்னர் மீண்டும் வளைவு, மீண்டும் தடிப்பு. இதில் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் விழுவதைக் கவனியுங்கள். சுவரைப் பிடிப்பதற்காகத் தடிக்கும் அதே செயலாற் சுரங்கமும் அகலமாகின்றது. ஆகையால் தலை சிறியதாக இருந்தாலும், அதைவிடப் பருத்த பின்னுடல் சிரமமின்றி இழுபட்டு வருகின்றது. மூக்கு திறக்கும் வழி சிறியது. அதை உடலுக்கு ஏற்ற வழியாக்குவது கழுத்தும் முன்னுடலும்.

மண்டையோட்டுக்கு வருவோம். மலைப்பாம்பின் மண்டையோட்டை நூதனசாலையிற் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தளர்ந்த கட்டுப்போலத் தோன்றும். தாடையென்புகள் மூளைப்பெட்டியோடு இழையங்களால் இணைக்கப்பட்டு நாற்புறமும் அசையக்கூடியவை. அதனாலேயே தன் தலையைவிடப் பெரிய இரையை விழுங்க முடிகின்றது. அத்தகைய தலையோடு மண்ணை முட்டினால் என்ன நேரும் என்பதை நான் கூறவேண்டியதில்லை. கேடயவாற் பாம்பின் மண்டையோடு இதற்கு நேர்மாறானது. முகவென்புகள் மூளைப்பெட்டியோடு உறுதியாகப் பொருந்தி, முழுவதும் ஒரே கூம்பாக முன்னோக்கி ஒடுங்குகின்றது. நுனியிற் கொம்புபோன்ற கடினச் செதில் ஒன்று கவசமாக அமைந்துள்ளது. கண் மிகச் சிறியது. அதுவும் செதிலொன்றின் கீழ் அடங்கிக் கிடக்கின்றது.

இம்மண்டையோடு கழுத்தோடு கூடும் மூட்டும் ஏனைய பாம்புகளுக்கு இல்லாத வகையில் அமைந்தது. தலையைக் கூர்ங்கோணத்திற் பக்கவாட்டில் திருப்பவும், அவ்வாறு திருப்பிய நிலையிலும் பின்னாலிருந்து வரும் முழு உந்துதலையும் தாங்கவும் அது இடமளிக்கின்றது. வேரோ கல்லோ எதிர்ப்படும்போது நேரே முட்டி மோதாமல் மூக்கை ஒதுக்கி அருகே வழிபார்க்க இது உதவுகின்றது.

இத்தனை வசதிக்கும் விலை யாது? வாய்தான். உறுதியாகக் கட்டிய தலை அகலத் திறக்காது. ஆகவே இப்பாம்பு தவளையை விழுங்காது, எலியை விழுங்காது. மண்புழுவே அதன் உணவு. தன்னைப் போலவே ஒல்லியாய் நீண்ட இரையைத் தேர்ந்துகொண்டது எவ்வளவு பொருத்தம்! மண்புழு நிறைந்த ஈரமண் இல்லாவிடத்து அது பட்டினி கிடக்கவேண்டியதே. குருட்டுப் பாம்புகள் வேறொரு வழி கண்டன. அவற்றின் வாய் மூக்கின் அடியிற் பின்தள்ளி அமைந்த சிறு பிளவு. மண்ணை முட்டும்போது அது தானே மூடிக்கொள்ளும். மேற்றாடையிலுள்ள இரு சிற்றென்புகள் பற்களோடு முன்னும் பின்னும் சுழன்று, எறும்பின் முட்டைகளையும் புழுக்களையும் வாரியால் வாருவதுபோல உள்ளே இழுக்கின்றன. வட அமெரிக்காவின் நூற்பாம்பு ஒன்று இதே வேலையைக் கீழ்த்தாடையாற் செய்வதை 1999ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். சிறிய இரையாயினும் பலவற்றை விரைவாக வாரிக்கொண்டாற் பசி தீரும். வாயைப் பெரிதாக்க முடியாதவர்கள் வேகத்தைப் பெரிதாக்கினார்கள் போலும்.

தலையை மண்வெட்டியாக்குவதில் உலகில் வேறு எவரும் எட்டாத தேர்ச்சி பெற்றவை ‘அம்பிஸ்பீனா’ வகை ஊர்வன. இவை பாம்புமல்ல; வழக்கமாக நாம் காணும் பல்லியுமல்ல. ஆபிரிக்காவிலும் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலும் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த சில நாடுகளிலும் வாழ்கின்றன. நம் நாட்டில் இல்லை. உடல் முழுவதும் மண்புழுவைப் போல வளையங்கள். இப்பெயருக்கு இருபுறமும் செல்வது என்று பொருள். தலையும் வாலும் ஒன்றுபோலத் தோன்றுவதால் வந்தது. மூளையைச் சுற்றி என்பு முழுவதும் மூடியிருக்கும். முன்னென்பும் பின்னென்பும் கைவிரல்களைக் கோத்தாற்போலப் பற்பற்களாகக் கொளுவியிருக்கும். முட்டும்போது உண்டாகும் அதிர்ச்சியை இக்கொளுவல் தாங்கிக்கொள்கின்றது.

இவற்றின் முகங்களைப் பார்த்தால் ஒரு கொல்லன் பட்டறைக்குள் நுழைந்ததுபோலிருக்கும். சிலவற்றின் முகம் வட்டமானது. அவை நேரே இடித்து இடித்து வழி செய்கின்றன. சிலவற்றின் முகம் தட்டையான சவள்போன்றது. புளோரிடாவில் வாழும் இனம் இவ்வகையைச் சேர்ந்தது. இவை மூக்கை அடியிற் செலுத்திப் பின் தலையை மேலே தூக்கி, கிளப்பிய மண்ணைச் சுரங்கத்தின் கூரையில் அழுத்தி இறுக்குகின்றன. வேறு சிலவற்றின் முகம் படகின் முன்னணியம்போல நிமிர்ந்த கூர்விளிம்புடையது. இவை தலையை இடமும் வலமும் வீசிப் பக்கச் சுவர்களில் மண்ணைப் படிய வைக்கின்றன. வட ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் வாழும் நான்காம் வகையோ, முகத்தின் கூர்விளிம்புகளால் துறப்பணம்போல் முன்னும் பின்னும் திருகிச் சுவரைச் சுரண்டிக்கொண்டு செல்கின்றது. அகழ்ந்த மண்ணை வெளியே கொண்டுவந்து கொட்டுவது இவற்றின் வழக்கமன்று. கூரையிலோ சுவரிலோ அழுத்தி இறுக்கிவிடுவதே வழக்கம். ஆகவே எந்தத் திசையில் அழுத்துவது என்பதே முகத்தின் வடிவத்தை நிர்ணயிக்கின்றது.

மண்டையோடு இவ்வளவு இறுகியிருந்தும் இவற்றின் கடி வலியது. அகலத் திறந்து விழுங்குவதற்குப் பதிலாக, குறுகிய தாடைகளாற் கடித்துத் துண்டாக்கி உண்கின்றன. இழுபறிக்கு இதுவும் ஒரு தீர்வே. இன்னொரு வேடிக்கையையும் சொல்லாமல் விட மனமில்லை. பாம்புகளில் இடச் சுவாசப்பை சிறுத்தது என்றேன். அம்பிஸ்பீனாக்களிற் சிறுத்தது வலப்பை. ஒரே நெருக்கடிக்குள் இரு குடும்பங்களும் தனித்தனியே புகுந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான கையொப்பம் வேறில்லை.

தலையின் அகலத்துக்கும் தோண்டும் திறனுக்கும் உள்ள தொடர்பை வெறும் ஊகமாக விடாமல் அளந்து பார்த்தவர்களும் உண்டு. கிழக்காபிரிக்காவில் ‘அக்கோன்டியாஸ் பெர்சிவாலி’ என்னும் காலில்லா அரணை வாழ்கின்றது. ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் இவ்வரணைகளை ஆய்வுகூடத்தில் மண்ணிற் புகவிட்டு, அவை செலுத்தும் உந்துவிசை, புகுவதற்கு எடுக்கும் நேரம், கடிக்கும் விசை ஆகியவற்றை அளந்தனர். 2011ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. உந்துவிசையின் உச்சம் தலையைப் பொறுத்ததன்று. உடலின் முழு நீளத்தை மட்டும் பொறுத்திருந்தது. அதாவது இவ்வரணை முழு உடலாலும் உந்துகின்றது. ஆனால் மண்ணிற் புகுவதற்கான நேரமும் கடியின் வலிமையும் தலையின் ஒப்பளவான அகலத்தையே சார்ந்திருந்தன. அகன்ற தலையுடையது வலிமையாகக் கடிக்கும், மெதுவாகப் புகும். ஒடுங்கிய தலையுடையது விரைந்து புகும், மெலிதாகக் கடிக்கும். ஒரே இனத்துக்குள்ளேயே இந்த இழுபறியின் அடையாளம் தென்பட்டது. பருந்தின் நிழல் விழும்போது ஒரு நொடியில் மறைவதா, கடினமான வண்டொன்று அகப்படும்போது அதை நொறுக்குவதா என்பது அப்பிராணிக்கு உயிர்ப்பிரச்சினை அல்லவா?

இந்த அரணையையும் நம் கேடயவாற் பாம்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவருக்கும் காலில்லை, இருவரும் தலையால் முட்டுகின்றனர். ஆயினும் அரணை தன் உடல் முழுவதையும் உந்துகோலாக்குகின்றது. பாம்பு முன்பகுதியை மட்டும் எஞ்சினாக்கி மற்றதை இழுத்துச் செல்கின்றது. என் மனம் கேடயவாற் பாம்பின் ஏற்பாட்டுக்கே அதிக மதிப்பெண் கொடுக்கின்றது. கருவுற்ற தாய்ப்பாம்பின் பின்னுடல் குட்டிகளாற் பருத்திருக்கும். இப்பாம்புகள் முட்டையிடாமற் குட்டி ஈனுபவை. அப்பருத்த பகுதியும் உந்த வேண்டியிருந்தாற் கடினமே. பெட்டிகளாக இழுபடுவதால் எஞ்சினுக்கு இடையூறில்லை.

வாற்கேடயத்தை மறந்துவிடவில்லை. சப்ரகமுவப் பகுதியின் பெயரால் 1853ஆம் ஆண்டில் கெலார்ட் என்பவர் பெயரிட்ட இனத்தில் இக்கேடயம் மிகத் தெளிவாகத் தெரியும். சாய்வாக வெட்டிய மரக்கட்டைபோல வால் திடீரென முடிய, அம்முகப்பிற் சிறு முட்கள் நிறைந்த தட்டொன்று இருக்கும். முட்களுக்கிடையில் மண் ஒட்டி ஒரு கட்டியாகத் தங்குகின்றது. பாம்பு முன்னேறும்போது இம்மண்கட்டி சுரங்கத்துக்கு அடைப்பாக அமைகின்றது. பின்னாலிருந்து துரத்திவரும் பகைவனுக்கு அகப்படுவது பாம்பன்று, மண்ணடைத்த கதவு. வாலில் மண் ஒட்டவேண்டும். உடலிலோ ஒட்டவே கூடாது. உடற்செதில்கள் மிக வழுவழுப்பானவை. அவற்றின் மேற்பரப்பில் நுண்ணிய வரிகள் அமைந்து, சேற்றைத் தங்கவிடாமல் வழுக்கிவிடுகின்றன. வெயிலிற் பிடித்துப் பார்த்தால் வானவில் நிறங்கள் மின்னும். இருட்டில் வாழும் உயிருக்கு இந்நிறங்களாற் பயனில்லை. சேறு ஒட்டாதிருக்க அமைந்த வரிகளில் ஒளி பட்டுச் சிதறுவதே அந்த மினுக்கம்.

மலைநாட்டு ஈரமண்ணில் மட்டுமே இவை வாழ்கின்றன என்று கருதுவது சரியன்று. வடமேற்குக் கரையில் மறிச்சுக்கட்டிப் பகுதியின் வறண்ட மணற்பாங்கான நிலத்திலிருந்தும் இரு இனங்கள் அறியப்பட்டன. ஒன்றை 1921இல் பிராங்க் வோல் என்பவரும், மற்றதை 1941இல் தெரணியகல அவர்களும் விவரித்தனர். முன்னதற்கு வோல் இட்ட பெயரின் பொருள் நீட்டப்பட்டது என்பதாகும். அவ்வளவு மெலிந்து நீண்ட உடல். மலைப்பகுதியிலிருந்து 2011ஆம் ஆண்டிற்கூட இரண்டு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. சில இனங்கள் ஓரிரு குன்றுகளுக்கு அப்பால் அறியப்படாதவை.

தேயிலைத் தோட்டத்திற் கான் வெட்டும்போதும், மரக்கறித் தோட்டத்தில் மண் கொத்தும்போதும் இப்பாம்புகள் வெளிப்படுவதுண்டு. வாலின் தோற்றத்தைக் கண்டு இருதலைப் பாம்பென்று அஞ்சி, இரு தலைக்கும் இரட்டிப்பு நஞ்சென்று முடிவுகட்டி, மண்வெட்டியாலேயே துண்டாக்கிவிடுவார்கள். உண்மையில் இவற்றுக்கு நஞ்சில்லை. கையிற் பிடித்தாலுங் கடிக்க முயல்வதில்லை. விரல்களையோ ஒரு குச்சியையோ சுற்றிக்கொண்டு, எங்கே இடுக்கு உண்டென்று மூக்கால் துழாவும். ஆயினும் பாம்பினங்களைப் பிரித்தறியாதவர் எதையும் கையில் எடுக்காதிருப்பதே நலம். எண்ணெய் விரியனும் வழுவழுப்பாக மின்னும் பாம்பே. கொல்லவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். மண்வெட்டியின் இலையால் மெல்லத் தள்ளி, கொத்தி இளகிய மண்ணின் அருகே விட்டாற் போதும்.

சிறிது நேரம் அசையாது கிடக்கும். பின்னர் மூக்கு மண்ணைத் தொடும். கழுத்து ஒருமுறை தடித்து மெலியும். தலை மறையும். எஞ்சின் உள்ளே போனபின் பெட்டிகள் ஒவ்வொன்றாக இழுபட்டுச் செல்லும். கடைசியாக மண்ணப்பிய கேடயம் வாசலிற் சற்றுத் தங்கி, அதுவும் உள்ளே போய்விடும்.